முதல் ஆளாக ஓடியவன்

அந்த அறைக்குள் ஒருமுறை போய்விட்டால் ஓட்டுப் போடாமல் வெளியே வர முடியாது. ஏழு பேர் உள்ளே போவார்கள். கைப்பேசிகளை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடுவார்கள். அட்டெண்டர் வெளியே பூட்டிக்கொண்டு உட்காருவார், வேலை முடிந்து உள்ளேயிருந்து மணி அடித்தால்தான் திறப்பார். ஹாக்கி புகழ்மண்டபத்துக்கு ஆள் எடுக்க இத்தனை கெடுபிடியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முன்பு ஒரு மகானுபாவர் பாதிக் கூட்டத்தில் சிகரெட் பிடிக்க வெளியே போய், நின்ற இடத்தில் பத்திரிகைக்காரனிடம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டு வந்தாராம். அன்று போட்ட பூட்டு. உள்ளே பேசியது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஆளாளுக்கு ஒரு தாளில் கையெழுத்து வேறு போட வேண்டும்.

இந்த வருடம் சுவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சுவர் என்பது ஆளின் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு பீரோவில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அவர் எல்லோருக்கும் சுவர்தான். தேசிய அணியின் பின்வரிசையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆட்டங்கள், புகழ்மண்டபத்தில் இடம், 'சுவர் ஹாக்கிப் பயிற்சிப் பள்ளி' என்று சொந்தமாக இரண்டு மைதானம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிரே ஆளுயரத்துக்கு ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறார்கள். முகக்காப்பு மாஸ்க் போட்ட ஒருவன் குனிந்தபடி பந்துக்கு நேராகப் பாய்கிறான். கீழே பித்தளைத் தகட்டில் 'சுவர், கடைசி நிமிடத்தில்' என்று பொறித்திருக்கிறது. பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகையிலும், பிள்ளைகளின் பனியனிலும், அவர் மனைவி ஆபீசில் உட்கார்ந்து கொடுக்கும் விண்ணப்பப் படிவத்திலும் அதே படம்தான்.

அந்தப் படத்தில் இருப்பது அவர் இல்லை.

இதைச் சொல்ல பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று நாலு வரி சொல்லியாக வேண்டும். ஹாக்கி தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். தடுக்கிற அணியில் கோல்கீப்பரும் இன்னும் நாலு பேரும் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். எதிரணி பந்தை உள்ளே தள்ளிய கணம், அந்த நாலு பேரில் ஒருவன் அடிக்கப்போகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். அவன்தான் முதல் ஆள். நெடுஞ்சாலைக் கார் வேகத்தில் வருகிற பந்துக்கு உடம்பைக் கொடுப்பது அவன் வேலை. பந்து பட்டால் அடி அவனுக்கு, படாவிட்டால் திட்டு அவனுக்கு. இத்தனைக்கும் இந்த வேலைக்கு ஆட்டக் குறிப்பேட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தப் படம் எடுத்த கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம் பாக்கி. ஒரு கோல் முன்னிலை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர். பயிற்சியாளரின் தாளில் முதல் ஆள் என்று எழுதியிருந்தது சுவரின் நம்பரை. அடிக்க நின்றவனோ, அரையிறுதியில் ஒருவனுடைய தாடையைப் பெயர்த்தவன். சுவருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததில் தப்பில்லை, அந்த இடத்தில் பயம் வராதவனுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அவர் செய்த தப்பு வேறு. மாஸ்க் பட்டையை இழுத்துப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, பக்கத்தில் நின்ற நண்பனிடம், "பட்டை அறுந்துபோச்சுடா, நீ போ" என்றார். பட்டை அறுந்திருக்கவில்லை. நண்பன் தலையைக்கூடத் திருப்பாமல் "சரி" என்றான். போனான்.

அந்த நண்பன் அணில். மைதானத்தில் ஓர் இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். பந்து அவனுடைய இடது முழங்கால் சில்லில் பட்டு வெளியே தெறித்தது. தெறித்த பந்துக்காகப் பாய்ந்த ஐந்தாறு பேர் அவன்மேல் குவியலாக விழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. அன்று அவனுக்கு வயது இருபத்தைந்து, அதோடு ஆட்டம் முடிந்தது.

அந்தப் போட்டியை எந்த டிவியும் காட்டவில்லை. இருந்தது அந்த ஒரே புகைப்படம். அதில் மாஸ்க் தெரிகிறது, முகம் தெரியவில்லை, நம்பரை மட்டை மறைத்துவிட்டது. இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே உயரம், ஒரே ஒல்லி; சுவருக்குத் தொப்பை வந்ததெல்லாம் பிற்பாடுதான். பத்திரிகைக்காரர் பயிற்சியாளரின் தாளைப் பார்த்துச் சுவரின் பெயரைப் போட்டார். அணிலின் கால் குவியலில் மாட்டி முறிந்தது என்று அடுத்த பத்தியில் போட்டார். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்த கோல்கீப்பர் இப்போது உயிரோடு இல்லை. அடி வாங்கிய முழங்கால் ஆஸ்பத்திரியில் கிடக்க, வாங்காத முழங்காலுக்கு மாலை மரியாதை நடந்தது.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சுவர் சொன்னார். "சொல்லு" என்றான் அணில். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அடுத்த வாரம் பாராட்டுக் கூட்டம், அடுத்த மாதம் வேலை, அடுத்த வருடம் கல்யாணம். சொல்ல வேண்டியதை மென்று மென்று ஒரு நாள் முழுங்கியே விட்டார். அணிலும் அப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும்.

"அண்ணனுக்கு இந்த வருஷமாவது கிடைச்சிடும்ல?" என்று அன்று காலை சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே மனைவி கேட்டாள். அணில் அவளுக்கு அண்ணன். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், இந்த வீட்டு மெஷின் மக்கர் செய்தால் அவன்தான் வந்து, மடங்காத காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பான்.

"ஓட்டு ஏழு பேருது. நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதையேதான் சொன்னீங்க. மூணு வருஷம்தானே பட்டியல்ல பேரு இருக்கும்? கூட ஆடினவர் நீங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவளுக்கு விஷயம் தெரியாது. தெரியாமலேயே சரியான இடத்தில் குத்துவதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

ஆனால் இந்த வருடம் சுவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். சொல்லிவிடுவது. இந்த அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட ஆறு பேரிடம். அணிலுக்கு மண்டபத்தில் இடம் கிடைத்துவிடும், பெயர்ப்பலகையும் பனியனும் இருக்கிற இடத்தில் இருக்கும். இதைவிட நல்ல ஏற்பாட்டை யார் செய்துவிட முடியும் என்று கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடைசிப் பெயராக அணிலின் கோப்பு வந்தது. ஆட்டக் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் உண்டு. அவரைப் புள்ளிவிவரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நாப்பத்தோரு ஆட்டம், மூணு கோல். எழுபத்தஞ்சு ஆட்டமாவது ஆடியிருக்கணும்னு விதி. பாவம், அடிபட்டுடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா அடிபடறது ஒரு தகுதியா? அப்படிப் பார்த்தா எலும்பு டாக்டர் வாசல்ல உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாருக்கும் இங்க இடம் கொடுக்க வேண்டியதுதான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெண்கள் அணியில் பதினாலு வருடம் கோல்கீப்பராக நின்ற அம்மா ஒருவர் குழுவில் இருந்தார். கீப்பரம்மா சிரிக்கவில்லை.

"அந்த நாப்பத்தோரு ஆட்டத்துல கார்னருக்கு முதல் ஆளா எத்தனை தடவை ஓடினாருன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கா?"

"அதுக்குக் குறிப்பேட்டுல கட்டமே இல்லையேம்மா."

"அதைத்தான் சொல்றேன். கோல் வாசல்ல நின்னவ நான். எனக்கு முன்னாடி ஓடுறவ பயந்தாங்கொள்ளியா இருந்தா முதல் நாளே எனக்குச் சோறு இறங்காது. உள்ள போன பந்தை உட்கார்ந்து எண்ணுறீங்க. உள்ள வராத பந்தை யாரு எண்ணுறது? இந்த ஆளு முழங்கால் நல்லா இருந்திருந்தா இருநூறு ஆட்டம் ஆடியிருப்பாரு."

"ஆடியிருந்தா, இருந்திருந்தான்னு மண்டபம் கட்ட முடியாதும்மா."

குழுத் தலைவர் கையை உயர்த்தினார். சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர், எந்தத் தகராறையும் யார் மனமும் நோகாமல் பூசி மெழுகிவிடுவதில் மன்னர். மிச்சம் மூன்று உறுப்பினர்களும் அவர் சாய்கிற பக்கம் சாய்கிறவர்கள். "விதியில இன்னொரு வழி இருக்கு," என்றார். "ஒரே ஒரு செயல், அது ஒரு கோப்பையைத் தீர்மானிச்சிருந்தா ஆட்டக் கணக்கு பார்க்க வேண்டாம். அப்படி ஏதாவது உண்டா? சுவர் சார், நீங்கதானே கூட ஆடினவர். சொல்லுங்க."

ஜன்னல்களை ஏசிக்காக எப்போதோ ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஏசி உறுமியதே தவிரக் குளிரவில்லை. சுவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "அந்த ஃபைனல்ல கடைசி கார்னருக்கு ஓடினது நான் இல்லை. அவன். படத்துல இருக்கிறதும் அவன்தான். பந்து பட்டுத்தான் அவன் கால் போச்சு, குவியல்ல இல்லை."

இடி விழும் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. புள்ளிவிவரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவர் சார், இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? சொந்தத் தடுப்பைத் தூக்கி நண்பனுக்குக் கொடுக்கறீங்களே!"

"கொடுக்கலை. உண்மையைச் சொல்றேன்."

"இதைத்தான் பெருந்தன்மைன்னு சொல்றது" என்றார் இன்னொருவர்.

சுவர் மறுபடி சொன்னார். தாளில் தன் நம்பர் இருந்ததையும், கடைசி நொடியில் இடம் மாறியதையும் சொன்னார். பட்டை அறுந்தது என்றே இப்போதும் சொன்னார். அந்த ஒரு பொய்யை மட்டும் எடுத்து வெளியே போட நாக்கு புரளவில்லை. எத்தனை அழுத்திச் சொன்னாரோ அத்தனைக்கு அவர்கள் உருகினார்கள். நான்தான் திருடன் என்று தானே வந்து நின்றவனை உட்காரவைத்து விசிறிவிடுகிற மாதிரி இருந்தது.

"ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார் கீப்பரம்மா. அவர் மட்டும் சுவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தப்பட்டவரையே கேட்டுடலாமே. தலைவர் போன் பண்ணி விவரம் கேட்கலாம்னு விதி இருக்கில்ல?"

மேசை நடுவில் ஒரு பழைய போன் இருந்தது. தலைவர் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் ஒரு மெஷின் தடதடவென்று சுற்றுகிற சத்தம்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க, மெஷின் ஓடுது."

தலைவர் தான் யார் என்று சொன்னார். எங்கிருந்து பேசுகிறார் என்று சொன்னார். "உங்க நண்பர் இங்க ஒரு விஷயம் சொல்றார். அந்த ஃபைனல்ல கடைசி கார்னருக்கு முதல் ஆளா ஓடினது நீங்கதான்னு. உண்மையா?"

மெஷின் நின்றது. அணைத்துவிட்டான் போலிருக்கிறது.

"அவன் சொன்னானா?"

"சொன்னார்."

"அவனே வாயைத் திறந்து சொன்னானா?"

"ஆமாங்க."

பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது, இருபத்தைந்து வயதுக் குரல். "அப்ப படத்துக்குக் கீழ இருக்கிற பேரை மாத்துவீங்களா சார்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். நம்புகிறாரோ இல்லையோ, யார் மனமும் நோகாத ஒரு வழி அவருக்குத் தென்பட்டுவிட்டது. "படம் வேற விஷயம்ங்க. இங்க பேசுறது எதுவும் வெளியே போகாது. நீங்க ஆமான்னு சொன்னா விதிப்படி உங்களைச் சேர்த்துக்க வழி இருக்கு. சான்றிதழ்ல 'அணிக்கு ஆற்றிய தொண்டுக்காக'ன்னு போட்டுடலாம். யாருக்கும் சங்கடம் வேண்டாம் பாருங்க."

"அவன் அங்கதானே உட்கார்ந்திருக்கான்?"

"இருக்கார்."

"அவனையே கேளுங்க சார். பேரை மாத்தணுமா, வேண்டாமா?"

ஆறு முகங்களும் சுவரின் பக்கம் திரும்பின. 'மாத்தணும்' என்று ஒரு வார்த்தை. ஒரு மூச்சுகூடச் செலவாகாத வார்த்தை. அதற்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவருக்கு வரிசையாகத் தெரிந்தது. பலகையை இறக்குகிற ஏணி, பனியன் போட்ட இருநூறு பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்களின் பார்வை, 'இத்தனை வருஷம் என்கிட்டகூடச் சொல்லலையே' என்று நிற்கப்போகிற மனைவி. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கதவைப் பார்த்தார், அது பூட்டியிருந்தது. போனின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

எத்தனை நேரம் என்று அவருக்குத் தெரியாது. கீப்பரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி சார்," என்றான் அணில். "எழுதிக்கோங்க. நான் ஓடலை. அவன்தான் ஓடினான்." போனை வைத்துவிட்டான்.

"பார்த்தீங்களா?" என்று தலைவர் இரண்டு கையையும் விரித்தார். "இவர் அவருக்குக் கொடுக்கிறார், அவர் இவருக்கே திருப்பிக் கொடுக்கிறார். இப்படி ஒரு சிநேகிதத்தை நான் பார்த்ததே இல்லை." ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். புள்ளிவிவரத்துக்குக் கண் கலங்கியே விட்டது. கலங்கிய கண்ணோடு அணிலுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். இரண்டு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. மூன்றாவது வருடம் என்பதால் பெயரைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக அடித்தார்கள். தலைவர் மணியை அடித்துவிட்டு, அடுத்த தடவை இந்தத் தலைவர் நாற்காலிக்குச் சுவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அவர் முதுகில் தட்டினார். கீப்பரம்மா கூடையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

சுவர் நேராக ரிப்பேர் கடைக்கு வண்டியை விட்டார். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம்தான். உள்ளே பத்துப் பதினைந்து மெஷின்கள் வயிற்றைத் திறந்துபோட்டு நின்றன. நடுவில் குட்டை ஸ்டூலில், இடது காலை நேராக நீட்டி, அணில் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வா. தங்கச்சி மெஷின் நல்லா ஓடுதா?"

"ஏன்டா அப்படிச் சொன்னே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ள வந்திருப்பேடா. அவ்வளவு தூரம் நான் இழுத்துட்டு வந்தேன். எதுக்குப் பொய் சொன்னே?"

அணில் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். "நான் பொய் சொன்னதுக்கு நீ கோவிச்சுக்கறியா?"

சுவர் ஒரு மெஷின் ஓரத்தில் சாய்ந்தார்.

"பித்தளைத் தகட்டுக்காகவா கேட்டேன்னு நினைக்கறே?" என்றான் அணில், பெல்ட்டை இழுத்துக்கொண்டே. "அவங்க மாத்தமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? 'மாத்தணும்'னு நீ சொல்லணும். அவ்வளவுதான். நீ சொல்லி, அவங்க முடியாதுன்னு சொல்லியிருந்தாலும், அந்தத் தொண்டுச் சான்றிதழைச் சந்தோஷமா வந்து வாங்கியிருப்பேன். போனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னேன்டா. ஏசி சத்தம் கேட்டுது. யாரோ நாற்காலியை நகர்த்தினது கேட்டுது."

"தப்புத்தான். நான் ஒத்துக்கறேன்." சுவர் அவன் பக்கத்தில் குனிந்தார். "இப்பச் சொல்றேன்டா. படத்துல பேரை மாத்தணும். ஓடினது நீதான். அன்னைக்குப் பட்டை அறுந்துபோகலை. எனக்குப் பயம், அதான் உன்னைப் போகச் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பட்டை. திரும்பி வந்து தூக்கினியே என்னை, அப்ப உன் மாஸ்க் மூஞ்சியில கெட்டியாத்தான் இருந்துது." அவன் திருப்புளியைத் துடைத்தான். "முதல்ல பூட்டின ரூம்ல சொன்னே. இப்ப என்கிட்ட சொல்றே. எனக்குத் தெரிஞ்சதையே எனக்குச் சொல்லி என்னடா பிரயோஜனம்?"

சுவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. மெஷினை விட்டுப் போயிருந்த ஒருவர் விசாரிக்க வந்திருந்தார். உள்ளே கால் வைத்தவர் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நீங்க... சுவர் சார்தானே? என் பொண்ணு உங்க ஸ்கூல்லதான் சார் சேரப்போறா. வீட்டுல அந்தப் படத்தை ஒட்டி வெச்சிருக்கா. கடைசி நிமிஷத்துல பாய்ஞ்சது நீங்கதானே சார்?"

அணிலின் கை பெல்ட்டின் மேலேயே நின்றது. அவன் நண்பனை மட்டும் பார்த்தான்.

அந்த மனிதர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சுவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"ஆமா" என்றார்.

அணில் குனிந்து பெல்ட்டை மாட்டி முடித்தான். பிறகு வந்தவரிடம், "உங்க மெஷின் நாளைக்கு மதியம் ரெடியாயிடும் சார்" என்றான்.